பதினேழாம் இலக்க வீட்டில் மூன்று பேர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள், குறுகிய சந்துக்குள், நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. இத்தனை வருடத்தில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் கதைக்க வராது. கூட்டத்தில் யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தாலே முகம் சூடாகிவிடும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். ஆனாலும் கதைப்பதைவிட எழுதுவதற்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

ஒரு பெரிய பழைய வீட்டைப் பலகை அடித்து நான்காகப் பிரித்து வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பகுதியில் நானும் கணவரும் ஐந்து வயது மகளும். கணவர் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. பலகைக்கு அந்தப் பக்கம் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு அக்கா இருந்தார். சிறுவயதிலேயே தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்து, பிறகு தனியாகத் தொழில் செய்து வாழ்ந்தவர். விடியற்காலையில் அவருடைய இடியப்ப உரல் கிறீச்சிடும் சத்தத்தில்தான் நான் எழும்புவேன்.

அந்த அக்காவுக்கு என்னைச் சீண்டாமல் இருக்க முடியாது. "தங்கச்சி, ஒன் வாயத் தொறக்குறதுக்குத் தனியா ஒரு சாவி செய்யணும்" என்பார். நான் சிரிப்பேன். அதற்கும் ஏதாவது சொல்லுவார்.

அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர் வீடுகளில் கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பத்திரம் தொங்கும். பொலிஸ் பதிவுப் பத்திரம். வீட்டில் யார் யார், எந்த ஊர், எதற்காகக் கொழும்பில் இருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். சோதனைக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் எத்தனை பேர்?" பத்திரத்தில் மூன்று என்றால் வீட்டில் மூன்று தலைதான் இருக்க வேண்டும். நான்காவதாக ஒரு தலை இருந்தால், அந்தத் தலையோடு சேர்த்து வீட்டுக்காரரையும் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் அப்போது நான்காவது தலை ஒன்று இருந்தது. என் கணவரின் தங்கை. எனக்கு மச்சாள், மகளுக்கு மாமி. வன்னியிலிருந்து வவுனியா வழியாக வந்தவள். வெளிநாட்டில் இருந்த ஒருவருக்கு நிச்சயம் செய்திருந்தது. பயண ஏற்பாடு செய்த ஏஜென்ட், எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் இருந்த லொட்ஜ் ஒன்றில் அவளை இரண்டு நாள் வைத்திருந்தார். அங்கே சோதனை வரப்போவதாகக் கதை அடிபட்டதும் கணவர் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொழும்பில் தங்குவதற்கு அவளுக்குக் கிடைத்த அனுமதி முடிந்து போயிருந்தது. அதனால் பதியவும் முடியாது.

"இஞ்சேரும், ஒரு கிழமைதான். அதுக்குள்ள பயணம் சரிவந்திடும். ஆர் கேட்டாலும் நாங்கள் மூண்டு பேர். பிள்ளைக்கும் சொல்லி வையும்" என்றார் கணவர்.

மகளுக்குச் சொல்லி வைத்தேன். மாமி வந்திருப்பதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பதில்லை.

அதே கிழமையில்தான் எங்கள் பகுதியில் வாந்திபேதி தொடங்கியது. கொலரா என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஒழுங்கை முகப்பில் இருந்த இருவரை வாகனத்தில் ஏற்றிப் போனார்கள். மூன்றாம் நாள் முற்பகல் சுகாதாரப் பகுதியிலிருந்து வீடு வீடாக வரத் தொடங்கினார்கள்.

எங்கள் வாசலுக்கு வந்தவர் ஒரு முஸ்லிம் பெண். என் வயதுதான் இருக்கும். சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டிருந்தார். கையில் ஒரு அட்டை, அதில் ஒரு கட்டுப் படிவம். நான் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன்.

"நாங்க ஒரு ஆராய்ச்சி செய்றோம். இந்த வருத்தம் இந்தப் பகுதிக்கு எப்படி வந்திச்சு, எதனால பரவுது எண்டு பார்க்கணும். கொஞ்சம் கேள்வி கேக்கட்டுமா?"

"எங்கட வீட்டில ஒருத்தருக்கும் வருத்தம் இல்ல, மிஸ்."

"வருத்தம் இல்லாத வீட்டையும் கேக்கத்தான் வேணும். வருத்தக்காரர் என்ன குடிச்சாங்க, மத்தவங்க என்ன குடிச்சாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

அவர் சொன்னது என் காதில் பாதிதான் விழுந்தது. மச்சாள் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், பாயில் கிடந்தாள். விடிந்ததிலிருந்து அவளுக்கு வயிற்றாலே போய்க்கொண்டிருந்தது. சத்தம் வராமல் இருக்க வாயில் துவாயை வைத்து அமத்திக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டார்.

என் கை தானாகவே கதவுக்குப் பின்னால் போனது. பிளாஸ்டிக் உறையோடு பத்திரத்தை எடுத்து நீட்டினேன். வாய்க்கு வேலை வைக்காமல் தப்பிக்க எனக்கு இருந்த வழி அதுதான். அவர் அதை வாங்கவில்லை.

"இது எனக்குத் தேவையில்ல. நீங்க வாயால சொல்லுங்க."

"மூண்டு பேர்."

"கடைசிப் பத்து நாளுக்குள்ள வெளியூரால யாரும் வந்தாங்களா?"

"இல்ல."

"குடிக்க, சமைக்கத் தண்ணி எங்க எடுக்குறீங்க?"

"ஒழுங்கை முனையில இருக்கிற பைப்பில."

அதுவும் முழு உண்மை இல்லை. பைப்பில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும். அது நின்றால் ஒழுங்கைக்காரர் எல்லோரும் லொட்ஜின் பின்பக்கக் கிணற்றுக்குத்தான் வாளியோடு போவோம். ஆனால் லொட்ஜ் என்ற சொல்லை வாயில் எடுத்தால், அங்கே யார் இருக்கிறார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். அதனால் அந்தக் கிணற்றை யாரும் சொல்லுவதில்லை. அது நாங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அல்ல. எல்லோருக்கும் தானாகவே தெரிந்திருந்தது.

அவர் எழுதி முடித்து, உப்பும் சீனியும் சேர்ந்த தூள் பொட்டலங்கள் இரண்டைத் தந்தார். வருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இரண்டு. கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பொட்டலத்தைக் கரைத்து, வயிற்றால் போகப் போகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வெண்கட்டியால் வாசல் நிலையில் 17 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், இடியப்ப அக்கா ஈரத்துணியோடு வந்துவிட்டார். தன் வாசலை முதலே துடைத்து முடித்திருந்தார்.

"கதவுல நம்பர் போட இது என்னா பள்ளிக்கூடமா? அழி தங்கச்சி, அழி" என்று சொல்லிக்கொண்டே என்னுடையதையும் துடைத்தார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இலக்கம் அழிந்த பிறகும் துடைப்பதை நிறுத்தவில்லை. முந்தி ஒரு கலவரத்தில், கையில் பட்டியலோடு வீடு வீடாகப் பார்த்து வந்தவர்களைக் கண்டவர் அவர். அன்று மாலைக்குள் ஒழுங்கையில் ஒரு வாசலிலும் இலக்கம் இருக்கவில்லை.

மச்சாளுக்கு மத்தியானத்துக்குள் மோசமாகிவிட்டது. கண் உள்ளே போய், கைவிரல் தோல் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கி, குரல் அடைத்துப் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எனக்குப் பயம். அங்கேயும் பெயர், விலாசம், அடையாள அட்டை. வாசலில் பொலிஸ். மிஸ் சொன்னபடி தூளைக் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றினேன். இரண்டு பொட்டலமும் பொழுது சாயுமுன் முடிந்தன. பக்கத்து அறைக்குப் போனேன்.

"அக்கா, உங்களிட்ட அந்தத் தூள் இருக்குதோ?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பலகைச் சுவர் மெல்லியது. நான்காவது ஆள் ஒருத்தி இருப்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து இரண்டு பொட்டலத்தையும் என் கையில் வைத்தார்.

"எனக்கு எதுக்கு இது? நான் ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கேன். எடுத்துட்டுப் போ. வேற யாருகிட்டயும் போய்க் கேட்டு நிக்காத."

மச்சாள் பிழைத்தாள். மறுநாள் மத்தியானம் எழுந்து இருந்து சோற்றுக் கஞ்சி கேட்டாள். நான் குசினியில் திரும்பி நின்று அழுதேன்.

அன்றைக்கே ஒழுங்கை முனைப் பைப்பைப் பூட்டினார்கள். எல்லா வீடும் பைப் தண்ணீர்தான் என்று சொன்னால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அதைத்தான் சந்தேகப்பட்டார்கள். பரிசோதித்து முடியும் வரை பவுசர் வண்டியில் தண்ணீர் வரும் என்றார்கள். பவுசர் ஒருநாளைக்கு ஒருதடவை வந்தது. ஆளுக்கு ஒரு வாளிக்கு மேல் கிடைக்கவில்லை. முன்பு பைப் நின்ற பிறகு மட்டும் கிணற்றுக்குப் போன சனம் இப்போது காலையிலிருந்தே போனது. நான் கேத்தலில் கொதிக்க வைத்தேன். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் எல்லோராலும் அது முடியவில்லை. இடியப்ப அக்கா மாவுக்கு மட்டும் தண்ணீர் கொதிக்க வைப்பார். குடிப்பதற்கும் தட்டுக் கழுவுவதற்கும் அப்படியே வாளித் தண்ணீர்தான்.

பைப் பூட்டி மூன்றாம் நாள் காலை உரல் சத்தம் கேட்கவில்லை. நான் பிந்தித்தான் எழும்பினேன். எட்டு மணிக்கு, இடியப்பம் வாங்க வந்தவர்கள் அவருடைய வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கதவைத் தள்ளினேன். அக்கா தரையில் கிடந்தார். மச்சாளுக்கு இருந்த அதே கண். அதே கைவிரல். எப்போது தொடங்கியதோ தெரியாது. தனி ஆள். பக்கத்தில் அந்த டப்பா திறந்து கிடந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

வாகனம் வருவதற்குள் உப்பும் சீனியும் நானே கரைத்து ஊற்றிப் பார்த்தேன். விழுங்க அவருக்குச் சத்து இருக்கவில்லை. தூக்கி ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "தட்டெல்லாம் ஊறப் போட்டிருக்கேன், கழுவி வச்சிரு" என்றார். குரல் காற்றுப் போலத்தான் வந்தது.

உள்ளே வந்து மச்சாளுக்குச் சொன்னேன்.

"அண்ணி, அந்த லொட்ஜில என்னோட இருந்த மூண்டு பேருக்கும் இப்படித்தான். ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போகேல்ல. நாங்கள் எல்லாரும் அந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிச்சனாங்கள். பக்கத்திலதான் கக்கூஸ் குழி."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வருத்தக்காரரையும் மற்றவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மிஸ் சொன்னாரே, அந்த இரண்டிலும் நாங்கள் பொய்யை வைத்திருந்தோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"உமக்கென்ன விசரே? சொன்னால் நாளைக்கே தங்கச்சியைக் கொண்டுபோவாங்கள். பயணத்துக்கு இன்னும் நாலு நாள்தான் கிடக்குது."

"அக்கா ரெண்டு பொட்டலத்தையும் எனக்குத் தந்தவா."

"நான் இல்லையெண்டு சொல்லேல்ல. நீர் ஒண்டும் கதைக்காதேயும். அவ்வளவுதான்."

வாழ்க்கை முழுவதும் ஒன்றும் கதைக்காமல் இருந்த எனக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. அவர் போனபிறகு அக்காவின் தட்டுகளைக் கொதிநீரில் கழுவினேன். கழுவிக் கவிழ்த்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். மச்சாள் எங்கே போகிறேன் என்று கேட்டாள். கடைக்கு என்றேன். அதுவும் பொய்.

ஆராய்ச்சிக்காரர்கள் ஒழுங்கைக்கு வெளியே இருந்த சனசமூக நிலையத்தில் மேசை போட்டிருந்தார்கள். நான் வாசல் தூணோடு நின்றேன். அரை மணித்தியாலம் இருக்கும். இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தேன். மிஸ் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுக்க நிமிர்ந்தபோது என்னைக் கண்டுவிட்டார்.

"நீங்க எத்தனாம் இலக்கம்?"

"பதினேழு. மிஸ், நாங்கள் மூண்டு பேர் இல்ல. நாலு பேர்."

அவர் கதிரையை இழுத்து என்னை இருத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வந்தது என்று நினைவில்லை. நாலாவது ஆள், வயிற்றோட்டம், லொட்ஜ், கிணறு, அந்த மூன்று பேர். முடிந்ததும், "பெயரை மட்டும் எழுதாதேங்கோ மிஸ்" என்று கும்பிட்டேன்.

அவர் கட்டுக்குள் தேடி எங்கள் வீட்டுப் படிவத்தை எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக் காட்டினார். இது வயது. இது ஆணா பெண்ணா. இது வருத்தம் தொடங்கின நாள். இது தண்ணீர்.

"பெயர் எழுதுற இடம் எங்க இருக்குது, பாருங்க."

பார்த்தேன். அப்படி ஒரு கட்டம் அதில் இருக்கவில்லை. யாருடைய பெயரையும் கேட்காத ஒரு தாளிடமிருந்து நான் ஒருத்தியை மறைத்திருந்தேன்.

மேசையில் எங்கள் ஒழுங்கையைக் கையால் வரைந்த படம் இருந்தது. வருத்தம் வந்த வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி. வராத வீடுகளுக்கு நீலம். எங்கள் வீடு நீலமாக இருந்தது. அவர் அதற்கு மேலே சிவப்பை வைத்தார். அதற்குப் பின்னால் வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, கிணறு இங்கேயா என்று கேட்டார். ஓம் என்றேன். சிவப்புப் புள்ளிகளில் விரலை வைத்து அந்த வட்டம் வரை இழுத்துப் பார்த்தார். பிறகு தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, சிங்களத்தில் சாரதியைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் பெட்டியிலிருந்து ஒரு வெண்கட்டித் துண்டை எடுத்து, வாசல் நிலையில் 17 என்று நானே எழுதினேன். மாலையில் வந்த கணவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அழிக்கவில்லை.

பொலிஸ் வரவில்லை. ஜீப் வரவில்லை. மிஸ்ஸும் இன்னொருவரும் லொட்ஜுக்குள் போய், வயிற்றைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்தார்களாம். கிணற்றில் மருந்து போட்டு மேலே பலகை அடித்து மூடினார்கள். பைப்பைத் திறந்தார்கள். இரண்டாவது தடவை வீடு வீடாக வந்தபோது, முதலில் படிவத்தைத் திருப்பி, பெயர் எழுத இடம் இல்லை என்பதைக் காட்டிவிட்டுத்தான் கேள்வி கேட்டார்கள். அப்போதுதான் பல வீடுகளில் மூன்று நான்காகவும், நான்கு ஆறாகவும் மாறின. புதிதாக வருத்தக்காரர் வருவது குறைந்தது. பிறகு அந்த வாகனம் ஒழுங்கைக்குள் வருவது நின்றது.

இடியப்ப அக்கா திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டாம் நாளே இறந்துவிட்டார். உடலை வீட்டுக்குத் தரவில்லை. உறவு என்று யாரும் வரவும் இல்லை. ஒழுங்கை ஆண்கள் நாலைந்து பேர் மட்டும் போய் வந்தார்கள். கழுவிக் கவிழ்த்த தட்டுகள் பல நாள் அப்படியே இருந்தன.

கடைசியாக மிஸ் வந்தபோது, எனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டேன்.

"நான் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த அக்கா இருந்திருப்பாவோ?"

இல்லை என்று சொல்லி அவர் என்னை ஆறுதல்படுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

"தெரியாது. இருந்திருக்கலாம்" என்றார். பிறகு, "பிழை உங்கட மட்டும் இல்ல. நாங்க கேட்ட விதமும் பிழை. உங்கள மாதிரி ஆக்கள்ட வாசலுக்கு வந்து பொலிஸ் கேக்குற மாதிரியே கேட்டா யாரு உண்மை சொல்லுவா? அதையும் எழுதித்தான் அனுப்புறேன். இந்த வருத்தம் எத்தனையோ நாட்டுல சுத்திக்கிட்டிருக்கு. அங்கயும் பயந்துபோன ஒழுங்கைகள் இருக்கும்தானே" என்றார்.

மேசையில் நான் கொடுத்த தேத்தண்ணீரை அன்று முழுதாகக் குடித்தார்.

மச்சாள் சொன்ன நாளிலேயே வெளிநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். இப்போது அவளுக்கு வளர்ந்த பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பாள். அவள் குடித்த கடைசி இரண்டு பொட்டலங்கள் யாருடையவை என்று நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. ஒருவேளை இதை வாசித்தால் தெரிந்துகொள்வாள்.

நாங்கள் பின்னர் வெள்ளவத்தைக்கு மாறினோம். கொரோனாக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் மாடி ஏறி வந்து, முகக்கவசத்துக்குள்ளால் அதே கேள்வியைக் கேட்டார். அவருடைய படிவத்தில் பெயருக்கும் இடம் இருந்தது. அன்று எங்கள் வீட்டில், தெஹிவளையிலிருந்து வந்து ஊரடங்கில் மாட்டிக்கொண்ட உறவுக்காரப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவள் எனக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் அவளையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு கோபம்.

இப்போதும் யாராவது வாசலில் நின்று வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், என் வாய்க்கு முதலில் வருவது மூன்றுதான். அதை விழுங்கி, டப்பாவைத் திறந்த அந்தக் கையை நினைத்துக்கொண்ட பிறகுதான் சரியான எண்ணிக்கையைச் சொல்ல எனக்குக் குரல் வருகிறது.